முப்பத்து நான்கு முட்டைகள்

ஜெபகுமார் அன்று காலையில் நாற்காலியை மூன்று முறை இடம் மாற்றிப் போட்டார். முதலில் சபைக் கொட்டகை வாசலில் போட்டார்; வெயில் முகத்தில் அடித்தது. வேப்ப மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்து பிள்ளைகளின் மேசை தெரியவில்லை. கடைசியில் மருமகளின் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. செருப்பு தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வலது கையை மட்டும் பேண்ட் பையிலிருந்து அவர் வெளியே எடுக்கவில்லை.

"மாமா, ஃபேன் பக்கமா உட்காருங்களேன்," என்றாள் ஜெயப்ரியா.

"எனக்கு இன்னா வேர்க்குதா? நீ புள்ளைங்களப் பாரும்மா."

வேர்க்கத்தான் செய்தது. அறுபத்தெட்டு வயது. போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் சாக்கு எதையும் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் ஏற்காதவர். ஐயம்பேட்டைக் கிறிஸ்தவச் சபையின் மூப்பர். இந்தச் சபைக்கு முதல் சுவர் எழும்பியபோது செங்கல் சுமந்தது அவருடைய அப்பா. கூலிக்கு அல்ல, நேர்ச்சைக்கு. அந்த வீட்டின் பெயரில் வெகுகாலம் ஒரு சொல் விழுந்ததில்லை. விழ அவர் விட்டதில்லை.

மருமகள் விஷயத்தில்தான் முதல்முறையாக வாய்கள் அசைந்தன. ஜெயப்ரியா மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் தாத்தாவின் கழனியில் ஜெபகுமாரின் அப்பா நாற்று நட்டிருக்கிறார். மகன் அவளைக் கூட்டி வந்தபோது ஜெபகுமார் இரண்டு மாதம் இருவரிடமும் பேசவில்லை. அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். வேதப்பாட வகுப்பில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தாள். இந்த வருஷம் ஈஸ்டருக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தரட்டுமா என்று கமிட்டியில் கேட்டாள்.

காசிநாதன் அப்போது மீசையைத் தடவிக்கொண்டார். அவரும் மூப்பர். ஜெபகுமாரோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே வருஷம் கல்யாணம் செய்தவர். எதிலும் ஒருபடி மேலே நிற்கப் பார்ப்பவர்.

"நேத்து வந்த பொண்ணு. அது நம்ம புள்ளைங்களுக்கு ஈஸ்டரு சொல்லித் தருதா? நல்லாதான் இருக்குது," என்றார்.

ஜெபகுமார் எழுந்து நின்றார். "அது என் வீட்டுப் பொண்ணு. அது கையால ஒரு தப்பு வந்தா நான் ஜவாப்பு சொல்றேன். எழுதிக்கோங்க."

நிஜமாகவே எழுதிக்கொண்டார்கள். கமிட்டி நோட்டில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது மேசையைச் சுற்றிப் பதினேழு பிள்ளைகள். டீக்கடைப் பேப்பர் கப்பைப் பாதியாக வெட்டித் தட்டில் கவிழ்த்து ஒட்டினால் கல்லறைக் குகை. மேலே பசை தடவி மணல் தூவினால் பாறை. வாசலை மூடும் கல்லுக்கு, தறிக்காரர்கள் கழித்துப் போட்ட டிசைன் அட்டையை ஜெயப்ரியா வட்ட வட்டமாக வெட்டி வைத்திருந்தாள். சேலை பார்டருக்காக வரிசையாகத் துளை போட்ட அட்டை.

"அக்கா, என் கல்லுல ஓட்ட ஓட்டயா இருக்குது. உள்ள இருந்து எட்டிப் பார்ப்பாரா?" என்று கேட்டாள் சிம்ரன். காசிநாதனின் பேத்தி, ஐந்து வயது.

"பார்க்கட்டுமே. வெளிய வரப்போறவர்தானே."

அடுத்தது ஆட்டுக்குட்டி. அட்டையில் வெட்டிய ஆட்டின் மேல் பஞ்சு ஒட்டுவதுதான் வழக்கம். இந்த ஊரில் பஞ்சுக்கு எங்கே போவது, கழிவுப் பட்டு நூல்தான் கோணிக்கணக்கில் கிடைக்கிறது. ஆகவே அரக்கு நிறத்தில் ஓர் ஆடு மேய்ந்தது, கிளிப்பச்சையில் ஒன்று, ஜரிகை மின்ன ஒன்று. பிறகு அவரவர் உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டி, விரல்களைப் பென்சிலில் சுருட்டி வளைத்து, லில்லிப் பூ. எல்லாம் ஜெபகுமார் கண்ணில் பட்டன. மனதில் ஒன்றும் நிற்கவில்லை. அவர் காத்திருந்தது முட்டைகளுக்காக.

முட்டை விஷயம் முந்தின நாள் சாயங்காலம் தொடங்கியது. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்து, ஜெயப்ரியா அடுப்படியில் ஒரு முட்டையை வேகவைத்து, பலகாரத்துக்குப் போடும் கலர் பொடியை வினிகரில் கரைத்து முக்கிப் பார்த்தாள். சிவப்பு என்று எழுதியிருந்த பொடியில் முட்டை, காய்ச்சல் விட்டு எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி வெளிறிய ரோஸாக வந்தது.

"போதும் அத்தை, பார்க்க மென்மையா இருக்குது," என்றாள் மாமியார் மேரியிடம்.

வாசலில் நின்ற ஜெபகுமாருக்கு அது பொறுக்கவில்லை. தேசத்துக் கல்யாணப் பட்டுக்கெல்லாம் நிறம் ஏற்றி அனுப்புகிற ஊர். அந்த ஊரில், அவர் வீட்டிலிருந்து, இப்படி ஒரு சோகை பிடித்த முட்டையா? காசிநாதன் அதைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதுகூட அவருக்குக் கண்ணில் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மணிவண்ணன் வீட்டுக்குப் போனார். மணிவண்ணன் பட்டுச் சாயப்பட்டறையில் மேஸ்திரி. "சபைல புள்ளைங்க கைவேலைக்குக் கொஞ்சம் கலர் வேணும்பா," என்றார். மணிவண்ணன் காகிதத்துக்கு என்று நினைத்து, அரக்கு, மஞ்சள், மயில் நீலம் மூன்றையும் சிட்டிகை சிட்டிகையாக மடித்துத் தந்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேறு யாரும் கொட்டகைக்கு வருமுன், மருமகள் இரவே கரைத்து வைத்திருந்த கலரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அந்தப் பாத்திரங்களிலேயே இதைக் கரைத்தார். கரண்டி கிடைக்கவில்லை. விரலாலேயே கலக்கினார். மணப்பெண் உடம்பில் கட்டுகிற பட்டுக்குப் போடும் நிறம். அதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று நினைத்தார். அப்புறம் முட்டைக்கு ஓடு வேறு இருக்கிறது.

அந்த விரல்கள்தான் இப்போது பைக்குள் இருந்தன. மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத அரக்கு.

"இப்ப முட்டை!" என்றாள் ஜெயப்ரியா. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேகவைத்த முட்டை இரண்டு. வெள்ளை மெழுகுவர்த்தியால் முட்டை மேல் ரகசியமாக ஏதாவது வரையச் சொன்னாள். சிலுவை, சூரியன், மீன், ஒருவன் பைக்குகூட வரைந்தான். வரைந்தது கண்ணுக்குத் தெரியாது. பெரிய கரண்டியில் வைத்துக் கலரில் முக்கி எடுத்தால்...

முதல் முட்டை வெளியே வந்ததும் கொட்டகையே 'ஹா' என்றது. ஆழ்ந்த அரக்கு, அதன் நடுவில் பளிச்சென்று வெள்ளைச் சிலுவை. அடுத்தது மயில் நீலம். அதற்கடுத்தது கண்ணைக் குத்தும் மஞ்சள்.

ஜெயப்ரியா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "நேத்து இப்படி வரலையே..." என்றாள் தனக்குள். பிறகு பிள்ளைகளின் கூச்சலில் சிரித்துவிட்டாள்.

பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்கள் முட்டையை விளக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "ஜெயா, எங்கடி கத்துக்கின? கலக்கிட்ட போ!" என்றாள் ஒருத்தி. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் உடைத்துத் தின்ன வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று சொல்லி, கல்லறைத் தட்டோடு ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தனுப்பினாள். ஜெபகுமார் நாற்காலியை விட்டு எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. இனி காசிநாதன் பேசட்டும்.

பன்னிரண்டு மணிக்கு மணிவண்ணன் போன் செய்தான்.

"சார், என் பக்கத்து வீட்டுப் பாப்பா கையில முட்டை வெச்சிருக்குது. நம்ம பட்டறை அரக்கு சார் அது, எங்க பார்த்தாலும் தெரியும் எனக்கு. நான் குடுத்ததா?"

"ஆமாம்பா. நல்லா புடிச்சிருக்குது இல்ல?"

"புடிக்காம? பட்டும் முட்டையும் ஒண்ணுதான் சாயத்துக்கு. சார், அதத் திங்கப் போறாங்களா?"

"ஓட்ட உரிச்சுட்டுதானே..."

"ஐயையோ. ஓட்டுல கீறல் இருந்தா உள்ள எறங்கும் சார். பட்டறையில நாங்க கை கழுவாம டீ கூடக் குடிக்கறதில்ல. டப்பாலயே வாயில படக்கூடாதுன்னு போட்டிருக்குது. இந்தப் பாப்பா கையில இருந்தத நான் வாங்கி வெச்சுட்டேன். மத்ததெல்லாம் வாங்கிடுங்க சார், உடனே."

ஜெபகுமார் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார். மணிவண்ணன் வைத்துவிட்ட பிறகும் நின்றார்.

அடுப்படியில் மேரி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா பசை ஒட்டிய விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு அடி வைத்தார். கமிட்டி நோட்டு நினைவுக்கு வந்தது. 'அது கையால ஒரு தப்பு வந்தா.' தப்பு அவள் கையால் வரவில்லை. வந்தது அவர் கையால். ஆனால் ஊர் அப்படியா பார்க்கும்? மேசையில் நின்றவள் அவள்தான். அவரும் தலை குனிய வேண்டும், அவளும் தலை குனிய வேண்டும். யாருக்கும் தெரியாமல் முப்பத்து நாலு முட்டையும் திரும்பி வந்துவிட்டால் யாரும் குனிய வேண்டாம்.

ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டார்.

"இன்னாங்க, சாப்பாட்டு நேரத்துல எங்க?" என்று கேட்டாள் மேரி.

"வந்துட்றேன்."

முதல் வீட்டு வாசலில்தான் பொய் பிறந்தது. தானாகவே வந்தது, இத்தனை சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. "முட்டைங்க ரொம்ப அழகா வந்திருக்குதும்மா. காலைல சபையில எல்லாத்தையும் ஒண்ணா மேசையில பார்வைக்கு வெக்கறோம். குடு, வாங்கிக்கினு போறேன்."

"அட, மூப்பரே வீடு வீடா வரணுமா? சொல்லி அனுப்பினா நாங்க எடுத்துக்கினு வர மாட்டமா?"

"உடைஞ்சிடப் போவுதுன்னுதான்."

அடுத்த வீடு. அதற்கடுத்தது. தெருவில் ஆள் பார்க்காத நேரம் ஓட்டமாக நடந்தார். ஆள் தெரிந்தால் நடையை நிதானப்படுத்தினார். ஒரு வீட்டில் பையன் தரமாட்டேன் என்று முட்டையைப் பனியனுக்குள் மறைத்துக்கொண்டு அழுதான். ஒரு வீட்டில் பூட்டு. அரை மணி நேரம் எதிர் வெயிலில் நின்றார். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இடது கையால் வாங்கினார். அந்த வீட்டுக் கிழவர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னொரு வீட்டில் ஒரு முட்டையைக் காணோம் என்று கட்டிலுக்கடியில், அரிசி டப்பாவில், துணி மூட்டையில் தேடி, கடைசியில் குழந்தையின் ஸ்கூல் ஷூவுக்குள் கண்டெடுத்தார்கள். அதற்குள் அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது.

எண்ணிக்கொண்டே வந்தார். மணிவண்ணன் வாங்கி வைத்த இரண்டையும் சேர்த்து முப்பத்திரண்டு. ஒன்றும் உடையவில்லை. யாரும் தின்னவில்லை. பாக்கி ஒரே ஒரு வீடு.

காசிநாதன் வீடு.

இரண்டு வருஷமாக அவர் முசரவாக்கத்தில், மகன் கட்டிய புது வீட்டில் இருந்தார். அங்கே போக ஜெபகுமார் முதலில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்தார். பங்குனித் திருவிழாக் கூட்டம் இன்னும் வடியவில்லை. ரோட்டைத் திருப்பி விட்டிருந்தார்கள். பஸ் நகராத இடத்தில் இறங்கி நடந்து, ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இருக்கையில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து, மடியில் பையை அணைத்துக்கொண்டார். போன் அடித்தது. ஜெயப்ரியா.

"மாமா, எங்க இருக்கீங்க? இன்னும் சாப்பிடலையே. அத்தை கோவமா இருக்காங்க."

"ஒரு வேலையா டவுனுக்கு வந்தேம்மா."

"சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்." போடவில்லை. இது இன்று எத்தனையாவது பொய் என்று நினைத்தார், எண்ணிக்கை தவறிவிட்டிருந்தது.

காசிநாதன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஜெபகுமாரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஊஞ்சலை நிறுத்தினார்.

"இன்னாப்பா ஜெபா! வீடு கட்டி ரெண்டு வருசம் ஆவுது, இன்னிக்குதான் வழி தெரிஞ்சுதா?"

"கூப்ட்டாத்தானே வருவாங்க."

"கூப்ட்டேன். நீதான் காலு வலின்ன. இன்னிக்குக் காலு சரியாப் போச்சா?"

ஜெபகுமார் விஷயத்தைச் சொன்னார். பார்வைக்கு வைப்பதை. காசிநாதன் மீசை மேலேறியது.

"நல்லா இருக்குதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருக்குது. உன் மருமவளத் தப்பா எட போட்டுட்டேன். கமிட்டில நானே சொல்றேன். சிம்ரன்! அந்த முட்டைய எடுத்தாம்மா, தாத்தா கேக்கறாரு."

 ஜெபகுமார் செய்தது அத்தனையும் இந்த வார்த்தையைக் கேட்கத்தான். அது இப்படியா கிடைக்க வேண்டும்?

சிம்ரன் ஒரே ஒரு முட்டையோடு வந்தாள். மயில் நீலம்; அதன் மேல் கோணலாக ஒரு மீன்.

"இன்னொண்ணு எங்க பாப்பா?"

"துன்னுட்டேன்." நாக்கை நீட்டிக் காட்டினாள். "ஆயாகிட்ட சொல்லாதீங்க. நாளைக்குத்தான் துன்னணும்னாங்க."

"எப்ப துன்ன?"

"இப்பதான். உள்ள வெள்ளையில செவப்புப் பூவா இருந்துச்சு தாத்தா. அழகா இருந்துச்சு."

காசிநாதன் சிரித்தார். "இன்னா பண்ணச் சொல்ற, இந்த வீட்டு வாயி அப்படி."

ஜெபகுமாரும் சிரித்தார். சிரித்தது அவர் முகம்தான், வேறொன்றும் சிரிக்கவில்லை. முட்டையைப் பைக்குள் வைத்தார். காபி வேண்டாம் என்றார். வாசலைத் தாண்டினார். கை காட்டிய முதல் ஷேர் ஆட்டோ நின்றது, ஏறினார்.

முப்பத்து மூன்று. வேலை முடிந்தது. இனி யாருக்கும் தெரியாது. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது. ஓடுகிறது, நாக்கை நீட்டுகிறது. ஒரே ஒரு முட்டை. மணிவண்ணன் பெரிதாகப் பயமுறுத்துகிறான். ஒன்றும் ஆகாது. ஆகாது என்று யார் சொன்னது? இவர்தான் சொல்லிக்கொள்கிறார். டிக்கெட் எடுக்காதவன் இறங்கும் இடம் வரை தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். சாயங்காலம் அந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தால், ஏன் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் கேட்டால் சொல்ல எவருக்கும் வாய் இருக்காது. தெரிந்தவன் ஒருவன் முட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

வெள்ளையில் செவப்புப் பூ.

"நிறுத்துப்பா!"

"இங்க ஸ்டாப்பிங் இல்ல பெரியவரே."

"நிறுத்துன்னா நிறுத்து!"

இறங்கிய இடத்தில் ஒரு செங்கல் சூளை தவிர எதுவும் இல்லை. திரும்பி நடந்தார். பிறகு, கட்டைப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறுபத்தெட்டு வயதில் நடுரோட்டில் மூப்பர் ஓடுவதை யாராவது பார்க்கிறார்களா என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

காசிநாதன் இன்னும் ஊஞ்சலில்தான் இருந்தார்.

"காசி, புள்ளைய டாக்டராண்ட கூட்டிக்கினு போவணும். எழுந்திரு."

"இன்னாப்பா, இன்னா ஆச்சு?"

"அந்த முட்டையில போட்டது சாப்புடற கலரு இல்ல. பட்டுச் சாயம்."

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. காசிநாதன் எழுந்து நின்றார். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அப்பவே சொன்னேனே! சொன்னேனா இல்லையா? உன் மருமவ..."

"அவ இல்ல." ஜெபகுமார் கட்டைப்பையைக் கீழே வைத்து, வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தார். ஐந்து விரலும், நகக்கண் வரை, அரக்கு. "இதப் பாரு. அவ போட்ட கலர ஊத்திட்டு நான் கரைச்சேன். அவளுக்குத் தெரியாது. வீட்ல யாருக்கும் தெரியாது. திட்றதுன்னா போற வழியில திட்டு."

வழியில் காசிநாதன் திட்டவில்லை. பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

தெருமுனைக் கிளினிக்கில் டாக்டரம்மா சிம்ரனின் நாக்கை, கண்ணை, வயிற்றைப் பார்த்தாள். "என்ன சாயம்? பேர் தெரியணும்," என்றாள். ஜெபகுமார் மணிவண்ணனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். மணிவண்ணன் பட்டறைக்கு ஓடி, டப்பாவில் இருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தான். டாக்டரம்மா எங்கோ போன் செய்து நாலைந்து நிமிஷம் பேசினாள். அந்த நாலைந்து நிமிஷமும் ஜெபகுமார் நின்றே இருந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"ஒரு முட்டை, அதுலயும் கொஞ்சம்தான் உள்ள போயிருக்கும். பயப்பட வேணாம்னுதான் நினைக்கறேன். இங்கயே ரெண்டு மணி நேரம் இருக்கட்டும், நிறையத் தண்ணி குடுங்க. வாந்தியோ வலியோ வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்." பிறகு இரண்டு பெரியவர்களையும் பார்த்தாள். "வந்து சொன்னது நல்லது. சொல்லாம இருந்திருந்தா நான் எதைத் தேடறது?"

இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிம்ரன் தண்ணீர் குடித்தாள், ஒன்றுக்குப் போனாள், மறுபடி குடித்தாள், பையிலிருந்த முட்டைகளை எடுத்து நிறம் பிரித்து வரிசையாக வைத்தாள். ஜெபகுமார் வீட்டுக்குப் போன் செய்து, மருமகளைக் கூப்பிடச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். 

"சிம்ரன் எப்படி இருக்கா மாமா?"

"தண்ணி குடிச்சுக்கினு இருக்குது."

"நேத்து கலரு நல்லா இல்லன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே மாமா." குரல் இறுகியிருந்தது.   "சரி. இன்னும் மூணு டஜன் முட்டை வாங்கணும். நான் பார்த்துக்கறேன். நீங்க மாத்திரை போடுங்க. நிஜமா போடுங்க."

காசிநாதன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் சொன்னார்: "மத்த வீட்டுலல்லாம் பார்வைக்குன்னுதான் சொல்லி வாங்கினியா?"

"ஆமாம்."

"காலைல மேசை காலியா இருந்தா கேப்பாங்களே."

"காலியா இருக்காது," என்றார் ஜெபகுமார்.

மணி ஐந்தரைக்குச் சிம்ரன் பசிக்கிறது என்றாள். இட்லி கேட்டாள். டாக்டரம்மா போகலாம் என்றாள்.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்து சபை வெளியே வந்தபோது, வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை இருந்தது. அதன் மேல் அரக்கும் மஞ்சளும் மயில் நீலமுமாக முப்பத்து மூன்று முட்டைகள், அவற்றைச் சுற்றிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பதினேழு காகிதக் கல்லறைகள், எல்லாவற்றின் கல்லும் விலக்கி வைத்து. பச்சை ஆடு, சிவப்பு ஆடு, ஜரிகை ஆடு. முன்னால் ஓர் அட்டை:

'இந்த முட்டைகள் தின்பதற்கு அல்ல. இவற்றில் பட்டுச் சாயம் உள்ளது. கலந்தவன் நான். ஆசிரியைக்குத் தெரியாது. வீடு வீடாகப் பொய் சொல்லி வாங்கி வந்ததும் நான். ஜெபகுமார், மூப்பர்.'

பக்கத்து மேசையில் ஜெயப்ரியா வெளிறிய ரோஸும் வெளிறிய மஞ்சளுமாகப் புது முட்டைகளை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. மாமனார் பக்கம் அவள் இன்னும் திரும்பவில்லை.

ஜெபகுமார் மேசைக்கு அருகில் நின்றார். முதுகு நேராகத்தான் இருந்தது. அது அவர் வளர்ந்த விதம். வருகிறவர்கள் அட்டையைப் படித்தார்கள். சிலர் அப்படியே நகர்ந்தார்கள். பனியனுக்குள் முட்டையை மறைத்த பையனின் அம்மா, "ஏன் மூப்பரே, எங்ககிட்ட அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "சொல்லியிருக்கணும்மா," என்றார்.  கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்று கை நீட்டியவர்களுக்கெல்லாம் வலது கையையே கொடுத்தார். அரக்கு இன்னும் அப்படியே இருந்தது.

காசிநாதன் சிம்ரனோடு வந்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். பிறகு ஜெபகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டு, தன் உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எழுத்து ரொம்பச் சின்னது," என்றார். "பின்னால நிக்கறவனுக்குத் தெரியாது. கேட்டா அப்புறம் உன் மருமவளத்தான் கேப்பான்."

ஜெபகுமார் அட்டையைப் பார்த்தார். சொன்னது சரிதான். பக்கத்து மேசைக்குப் போய், "அம்மா, தடியா எழுதற பேனா இருக்குதா?" என்று கேட்டார்.

ஜெயப்ரியா நிமிர்ந்து பார்க்காமலே கைவேலைப் பெட்டியைத் திறந்து, மார்க்கரை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினாள்.